துப்பறியும் பெண்ணுக்கு மட்டும் ஏன் அபராதம்?



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவை நண்பர்கள் வந்து நின்றபோது, "என்ன தலைப்பு?" என்று கேட்டேன். "எது வேணா எழுது. ஆனா 'காலம் பொன் போன்றது'ன்னு மட்டும் எழுதிடாத. அதுல ஏற்கெனவே மூணு கட்டுரை வந்திருக்கு" என்றார்கள். சரி, எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தையே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். டி.வி. தொடர்களில் வருகிற பெண் துப்பறிவாளர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள்! அரியர் பேப்பரைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் செல்போனில் யார் யார் என்ன பார்க்கிறீர்கள் என்பது ஹாஸ்டல் சுவருக்கே தெரியும்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அதைச் சொன்னால்தான் நான் ஏன் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டேன் என்பது புரியும்.

நான் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கழனியில் ஒயர் திருட்டு போனது. கம்பத்திலிருந்து பம்புசெட் கொட்டகைக்கு வருகிற சர்வீஸ் ஒயர், ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து போருக்குப் போகிற கேபிள், இரண்டையும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நெல்லு கதிர் வாங்குகிற நேரம். தண்ணி பாய்ச்சாமல் நாலு நாள் விட்டால் வருஷமே போச்சு. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஊர் கூடியது. பத்து நிமிஷத்தில் குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டது! "ஏரிக்கரையாண்ட இருக்கிற இருளர் பசங்கதான். வேற யாரு?" யாரும் கண்ணால் பார்க்கவில்லை. யாரிடமும் ஒரு சாட்சியம் இல்லை. ஆனால் இரண்டு பையன்களின் பெயர் வாய்க்கு வாய் போய்க்கொண்டிருந்தது. "நாலு தட்டு தட்டுனா தானா சொல்லுவானுங்க" என்றும் ஒரு பெரியவர் யோசனை சொன்னார்.

விசாரணைக்கு வந்தது ஒரு பெண் எஸ்.ஐ. பைக்கிலிருந்து இறங்கியதுமே பின்னாலிருந்து ஒரு குரல், "பொம்பள எஸ்.ஐ. வந்து இன்னா பண்ணிடப் போவுது!"

அந்த அம்மா காதில் வாங்கியமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போனார். குந்தி உட்கார்ந்து, அறுந்த ஒயரின் முனையை இரண்டு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்னம்மா படிக்கிற?" என்றார்.

"டிப்ளமோ ட்ரிபிள் ஈ, மேடம்."

"அப்போ நீ சொல்லு. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்துல இந்த ஒயரை அறுத்திருக்கலாமா?"

"முடியாது மேடம். த்ரீ பேஸ் இல்லாதப்பவும் லைன்ல கரண்ட் இருக்கும், வீட்டுக்கெல்லாம் லைட்டு எரியுது இல்லையா? சப்ளை சுத்தமா நின்னாதான் கை வைக்க முடியும்."

"நேத்து ராத்திரி சப்ளை எப்போ நின்னுச்சு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாதான் சொன்னாள்: "ஒரு மணி வாக்குல காத்தடிச்சு கரண்ட் போச்சுங்க. விசிறி நின்னு கொசு கடிச்சதுல எழுந்தேன். ரெண்டு மணிக்கு அப்புறம்தான் வந்துது."

எஸ்.ஐ. நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்து ஏரிக்கரைக்குப் போனார். அந்தப் பையன்களை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ராத்திரி எங்கே இருந்தீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டார். செங்கல் சூளையில் விடிய விடிய லோடு ஏற்றியிருக்கிறார்கள். சூளைக்காரரிடமும் போய் விசாரித்துவிட்டுத்தான் அவர்கள் பெயரை அடித்தார். முனை வெட்டப்பட்ட சுத்தத்தைப் பார்த்தால் நல்ல கட்டர் வைத்திருப்பவன். கரண்ட் போன ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு இடத்திலும் வேலையை முடித்திருப்பதால் லைன் தெரிந்தவன். அதற்கப்புறம் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கி, ரப்பர் எரித்த கறுப்போடு காப்பர் கம்பி கொண்டுவந்து போட்டது யார் என்று விசாரித்தார்.

நாலாம் நாள் ஆள் மாட்டினான். இருளர் பையன் இல்லை. சுற்றுவட்டாரத்தில் மோட்டார் ரிப்பேருக்கு வந்து போய்க்கொண்டிருந்தவன்! அதாவது நண்பர்களே, நம்ம தொழில்காரன்!

கேபிள் திரும்பக் கிடைக்கவில்லை. அப்பா வட்டிக்கு வாங்கித்தான் புதுசு போட்டார். ஆனால் இரண்டு பையன்கள் அடிவாங்காமல் வீட்டுக்குப் போனார்கள். நன்றாகத் துப்பறியத் தெரிந்த ஒருவர் இருப்பதால் ஊருக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால், என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

அன்றிலிருந்து டி.வி.யில் பெண் போலீஸ் வந்தால் நான் ஒன்றைத்தான் தேடுகிறேன். இந்த அம்மா மாதிரி யாராவது குந்தி உட்கார்ந்து ஒயர் முனையைப் பார்க்கிறார்களா? பார்க்கிறார்கள். ஆனால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிம்மதியாகப் பார்க்க விடுவதில்லை. உடனே வீட்டிலிருந்து போன் வந்துவிடுகிறது!

கொஞ்சம் பழைய கணக்கையும் பார்ப்போம். எங்கள் வீட்டுப் பரணில் அப்பா சேர்த்துவைத்த பாக்கெட் நாவல்கள் ஒரு மூட்டை இருக்கிறது. தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் – வசந்த், இவர்களெல்லாம் ஆம்பிளைகள். பெண் இல்லையா என்றால், உண்டு. ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ஒரு ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்கு ஒரு சுசீலா, சுபாவின் நரேந்திரனுக்கு ஒரு வைஜெயந்தி. கெட்டிக்காரப் பெண்கள்தான். ஆனாலும் நம் மனசில் என்ன நிற்கிறது? சுசீலா என்றால் அவள் பனியனில் எழுதியிருக்கும் வாசகம்தான் முதலில் ஞாபகம் வருகிறது! பெயர்கூட எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும். "விவேக் – ரூபலா" என்போமே தவிர "ரூபலா – விவேக்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

டி.வி.யில் இந்த வரிசையை முதலில் மாற்றிப் போட்டது, எனக்குத் தெரிந்து, 1989-இல் தூர்தர்ஷனில் வந்த 'உடான்' என்ற இந்தித் தொடர். நிலத் தகராறில் நியாயம் கிடைக்காத ஒரு குடும்பத்துப் பெண், கல்யாணி சிங், ஐ.பி.எஸ். அதிகாரி ஆகிற கதை. கல்யாணியாக நடித்த கவிதா சௌத்ரியேதான் எழுதினார், இயக்கினார். யார் இவர் என்கிறீர்களா? சர்ஃப் விளம்பரத்தில் கறாராகப் பேரம் பேசுவாரே 'லலிதாஜி', அவரேதான்! தன் அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையை வைத்துத்தான் அந்தக் கதையை எழுதினார். கிரண் பேடி 1972-இல் இந்தியாவின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஆனார், அவருக்கு அடுத்து வந்தவர் இந்த அக்கா. 2004-இல் உத்தராகண்டின் டி.ஜி.பி. ஆனார். ஒரு மாநிலத்துக்கு டி.ஜி.பி. ஆன முதல் பெண் இவர்தான். அக்கா 2019-இலும் தங்கை 2024-இலும் காலமானார்கள்.

நம்ம தமிழ்நாடும் இதில் பின்தங்கி இல்லை. போலீஸ் படையில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1973-இல். தமிழ்நாட்டிலிருந்து போன முதல் பெண் ஐ.பி.எஸ். திலகவதி, சாகித்திய அகாதமி விருது வாங்கிய எழுத்தாளரும்கூட. சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது 1992-இல். லத்திகா சரண் 2006-இல் சென்னை மாநகரக் கமிஷனர், 2010-இல் தமிழ்நாட்டு டி.ஜி.பி. நிஜத்தில் இவ்வளவு தூரம் வந்தாயிற்று. அப்படியானால் கதையில்?

கதையில் பெண் துப்பறிவாளருக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அபராதம் வசூலிக்கிறார்கள். வேலையில் கெட்டிக்காரியாக இருந்தால், வீட்டில் ஏதாவது ஒன்றை இழந்தே ஆகவேண்டும்!

இங்கிலாந்தில் 1991-இல் வந்த 'பிரைம் சஸ்பெக்ட்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலன் மிர்ரன் நடித்த ஜேன் டென்னிசன், ஆண் அதிகாரிகளின் கிண்டலுக்கு நடுவில் கொலை வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டு போவார். அருமையான தொடர். ஆனால் முதல் வழக்கு முடிவதற்குள் கூட இருந்தவர் பிரிந்து போய்விடுவார். டென்மார்க்கில் 2007-இல் வந்த 'தி கில்லிங்' தொடரின் சாரா லுண்டுக்கு மகனிடம் பேச நேரம் கிடையாது. இதைவிட ஒரு வேடிக்கை. 2014-இல் இங்கிலாந்தில் ஆரம்பித்த 'ஹேப்பி வேலி', 2021-இல் அமெரிக்காவில் வந்த 'மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கதாநாயகி போலீஸ். இரண்டு பேருக்கும் மணமுறிவு. இரண்டு பேரும் பெற்ற பிள்ளையைத் தற்கொலையில் பறிகொடுத்தவர்கள். இரண்டு பேரும் பேரனை வளர்க்கிறார்கள்! வேறு வேறு நாடு, வேறு வேறு எழுத்தாளர்கள். ரசீது மட்டும் ஒரே புத்தகத்தில் கிழித்தது போல இருக்கிறது.

தமிழுக்கு வருவோம். 2021-இல் வந்த 'நவம்பர் ஸ்டோரி'யில் தமன்னாவுக்குக் கம்ப்யூட்டர் மூளை. ஆனால் அவர் துப்பறிவதே மறதி நோய் வந்த அப்பாவைக் கொலைப் பழியிலிருந்து காப்பாற்றத்தான். 2022-இல் வந்த 'சுழல்' நம்மில் பாதிப் பேர் பார்த்தது. புஷ்கர் – காயத்ரி எழுதியது. இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி வந்து நின்றாலே ஸ்டேஷன் நிமிர்ந்து உட்காரும். தமிழில் அப்படி ஒரு பெண் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் அவர் விசாரிக்கிற வழக்கில் அவருடைய சொந்த மகனே சிக்கியிருக்கிறான். ஊரில் இவ்வளவு பேர் இருக்க, வழக்கு அந்த அம்மாவின் வீட்டு வாசலுக்கே வரவேண்டுமா?

"ஏம்மா, ஆம்பள போலீசுக்கு மட்டும் வீட்டுச் சண்டை இல்லையா?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 'வதந்தி'யில் எஸ்.ஜே. சூர்யாவும் வழக்கே கதியென்று வீட்டை மறந்துதான் கிடப்பார். ஆனால் அதைப் பார்க்கிற நாம் என்ன சொல்கிறோம்? "என்னமா கடமையில கண்ணா இருக்கான்!" அதையே ஒரு பெண் செய்தால்? "பாவம், அந்தப் புள்ளைக்கு யாரு சோறு போடுவா?" காட்சி ஒன்றுதான். நாம் போடுகிற மார்க்தான் வேறு.

"நிஜத்திலும் பெண்களுக்கு வீட்டுச் சுமை உண்டே, அதைக் காட்டுவது தப்பா?" என்று தோழியர் கேட்கலாம். தப்பே இல்லை. காட்டவேண்டும். ஆனால் சுமையைக் காட்டுவது வேறு, அதைத் தண்டனையாகக் காட்டுவது வேறு. பந்தோபஸ்துக்கு நடுரோட்டில் மணிக்கணக்கில் நிற்கிற பெண் போலீசுக்குக் கழிப்பறை கிடையாது என்பது நிஜமான சுமை. முதலமைச்சர் போகிற வழியில் பெண் காவலர்களை அப்படி நிறுத்தவேண்டாம் என்று தமிழ்நாட்டில் உத்தரவு போட்டதே 2021-இல்தான். இதை வைத்து எத்தனை தொடர் வந்தது? அவர்கள் காட்டுவதெல்லாம் அழுகிற பிள்ளையும் கோபித்துக்கொண்ட புருஷனும்தான்.

சரியாகச் செய்தவர்களையும் சொல்லவேண்டும். 2019-இல் வந்த 'டெல்லி க்ரைம்', 2012-இல் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமையை விசாரித்த கதை. அப்போது அங்கே துணைக் கமிஷனராக இருந்த சாயா சர்மாவை வைத்துத்தான் ஷெஃபாலி ஷாவின் பாத்திரம் உருவானது. அவருக்கும் வீடு உண்டு, வயசுப் பெண் உண்டு. ஆனால் நம் கண் வேலையை விட்டு நகராது. ஆயிரக்கணக்கான பஸ்கள் ஓடுகிற ஊரில் கேமராப் பதிவைப் பார்த்துப் பார்த்து ஒரே ஒரு பஸ்ஸைத் தேடிப் பிடிப்பதுதான் கதை. 2020-இல் அந்தத் தொடர் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி விருது வாங்கியது. பெண்ணின் வேலையை வேலையாகக் காட்டினாலும் ஜனங்கள் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2023-இல் வந்த 'தஹாட்' இன்னும் ஒரு படி மேலே. ராஜஸ்தானின் ஒரு சின்ன ஊர். சோனாக்ஷி சின்ஹா நடித்த எஸ்.ஐ. அஞ்சலி, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அவர் கடந்துபோகும்போதெல்லாம் ஸ்டேஷனிலேயே ஓர் ஆள் ஊதுவத்தி கொளுத்துவான்! வீட்டிலோ, கல்யாணம் பண்ணிக்கோ என்று அம்மாவின் நச்சரிப்பு. இதற்கு நடுவில் பெண்கள் வரிசையாகக் காணாமல் போகிறார்கள். யாரும் தேடவில்லை. ஏன்? "ஓடிப்போயிட்டா" என்று குடும்பமே கதவைச் சாத்திக்கொண்டது. பெயர் கெட்டுவிடுமே! அந்த ஒரு வார்த்தையை நம்பாமல், "சரி, ஓடிப்போனவ எங்க போனா?" என்று கேட்பவர் அஞ்சலி ஒருத்திதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் எஸ்.ஐ. அம்மா ஞாபகம் வந்தது. "இருளர் பசங்கதான்" என்பதும் "ஓடிப்போயிட்டா" என்பதும் ஒரே ஜாதிப் பேச்சு. ஊர் முன்கூட்டியே எழுதிவைத்த தீர்ப்பு அது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஒயர் முனையைப் பார்ப்பதுதான் துப்பறிவது. லேபில் நாம் செய்வதும் அதேதான். மோட்டார் ஓடவில்லை என்றால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நாம் பேச்சைக் கேட்காமல் ஃப்யூஸைப் பார்ப்போம், கன்டினியூட்டி பார்ப்போம், மெக்கர் வைப்போம். மீட்டருக்கு முன்னால் நிற்பது ஆணா பெண்ணா என்று முள்ளுக்குத் தெரியாது.

இதெல்லாம் டி.வி. கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் பெரியப்பா மகள் ஒருத்தி. டிப்ளமோ முடித்தவள். சீருடைப் பணியாளர் தேர்வு எழுதினாள். எழுத்துத் தேர்வில் பாஸ். விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓடிப் பழகினாள். துணைக்கு நானும் போவேன். பாதி தூரத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவேன், அவள் ஓடிக்கொண்டே இருப்பாள். உடல் தகுதித் தேர்வுக்கு இருபது நாள் இருந்தபோது ஒரு வரன் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணு புடிச்சிருக்கு. ஆனா போலீஸ் வேல வேணாம்மா. டி.வி.ல பாக்குறோமே, அந்தப் பொம்பளைங்க குடும்பம் எப்படி இருக்குதுன்னு!"

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும்தான். என்ன பேசுவது? நாங்கள் எல்லோரும் பார்த்த தொடர்களையேதான் அவரும் பார்த்திருந்தார். அக்கா தேர்வுக்குப் போகவில்லை. இப்போது அவளுக்கு இரண்டு வயசில் பையன் இருக்கிறான். நல்லபடியாகத்தான் இருக்கிறாள். ஏரிக்கரை வழியாகப் போகும்போது மட்டும் அவள் நடையின் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் குடவோலை முறை என்று மனப்பாடம் பண்ணாதவர் யார்? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டியது. வாரியத்துக்கு வர வயசு 35-க்கு மேல் 70-க்குள். சொந்த மனையில் வீடு. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் கூடாது! இன்ன வேலைக்கு இன்ன தகுதி என்று கல்லிலேயே எழுதிவைத்த ஊர் நம் ஊர். பெருமைதான். ஆனால் அந்தக் குடத்தில் பெண் பெயர் எழுதிய ஓலை விழ வழியில்லை. ஆயிரம் வருஷம் கழித்துச் சட்டம் மாறியது. இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. கல்லில் எழுதியதை மாற்றிவிட்டோம். மனசில் எழுதியிருப்பதை மாற்றுவதுதான் பாக்கி. அதைத் தினமும் ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது செல்போன் திரையும் டி.வி. பெட்டியும்தான்.

ஆகவே நண்பர்களே, கதை எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை ரொம்பச் சின்னது. பெண் இன்ஸ்பெக்டர் பறந்து பறந்து அடிக்கவேண்டாம். அழவும் வேண்டாம். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகட்டும். வீட்டில் எல்லோரும் உயிரோடு, சௌக்கியமாக இருக்கட்டும். "சாப்பிட்டியா?" என்று யாராவது ஒருவர் கேட்கட்டும். ஒரே ஒரு தொடரில் இப்படி நடந்தால் போதும். ஏதோ ஓர் ஊரில் பெண் பார்க்க வந்த ஓர் அம்மா, காபியைக் குடித்துவிட்டு வேறு மாதிரி பேசக்கூடும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு தொடர் பார்க்கும்போது, "பாவம், அவ புள்ளைய யாரு பாத்துக்கறா?" என்று தோன்றினால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அடுத்து வருகிற ஆண் போலீசைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே மார்க் போடுங்கள்.

அக்காவுக்காக அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கடனைத்தான் இந்த மலரில் அடைக்கப் பார்க்கிறேன். போன மாதம் என் தங்கை, ப்ளஸ் ஒன் படிக்கிறாள், என் பழைய கான்வாஸ் ஷூ கிடைக்குமா என்று கேட்டாள். எதற்கு என்றேன். "சும்மாதான்க்கா, காலையில ஏரிக்கரையில ஓடலாம்னு" என்றாள். எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை காபி குடிக்க யார் வந்தாலும், பதில் சொல்ல நான் வீட்டில் இருப்பேன்.

– இறுதியாண்டு மாணவி,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை